ஆடியவளுக்குச் சட்டம், பார்த்தவனுக்கு நாற்காலி

மும்பை டான்ஸ் பார்களுக்கு உரிமம் கொடுக்க மகாராஷ்டிர அரசு விதித்த நிபந்தனைகளில் ஒன்று இது: மேடையைச் சுற்றி மூன்று அடி உயரத் தடுப்பு இருக்க வேண்டும், அந்தத் தடுப்பிலிருந்து ஐந்து அடி தள்ளித்தான் வாடிக்கையாளரின் நாற்காலி. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, 1947-இல், சென்னை மாகாணம் கொண்டுவந்த தேவதாசி முறை தடுப்புச் சட்டத்தில் வேறொரு ஏற்பாடு உண்டு. கோயிலுக்குள்ளும் சுவாமி புறப்பாட்டிலும் பெண் ஆடுவதே சட்டவிரோதம் என்றது அது. கும்பாரத்தி என்ற ஆரத்திச் சடங்கோடு ஆடினாலும் குற்றம், இல்லாமல் ஆடினாலும் குற்றம்.

ஒன்று கோயில், மற்றொன்று மதுக்கூடம். ஒன்றில் பெண் பொட்டுக் கட்டி நேர்ந்துவிடப்பட்டு, தெய்வத்தின் பெயரால் ஆடினாள். மற்றொன்றில் மாலை ஆறு மணிக்கு மேல் சினிமாப் பாட்டுக்கு ஆடினாள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சிலருக்குக் கோபமூட்டும். ஆனால் இரண்டு இடத்திலும் ஆடியவள் பெண், உட்கார்ந்து பார்த்தவன் ஆண், பணம் அவன் கையில். இரண்டு இடத்திலும் பழி வந்தபோது அது யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால், ஒப்பிடுவதற்கான நியாயம் தானே விளங்கும்.

நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரி. எங்கள் ஊரில் பட்டைப் பற்றிப் பேசுவார்கள், பெருமாளைப் பற்றிப் பேசுவார்கள், அண்ணா பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். வைகாசி கருடசேவைக்கு ஊரே தெருவில் நிற்கும். 2019-இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் எழுந்தருளியபோது நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் கூட்டம் வந்தது. வந்தவர்கள் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் ரதியையும் மன்மதனையும் பார்த்து வியந்தார்கள். இந்த மண்ணில் ஆடிப் பாடி வாழ்ந்த பெண்களைப் பற்றி மட்டும் பேச்சு எழுவதில்லை. அவர்கள் இல்லாமல் காஞ்சியின் இசை வரலாற்றை எழுத முடியாது என்பது தெரிந்தும் எழுவதில்லை.

காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அந்த மரபில் வந்த பெரும் பாடகி. அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளின் மகன்தான் லயத்துக்குப் பேர்போன காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. தஞ்சாவூர்க் குடும்பத்தில் வந்த பாலசரஸ்வதி 1925-இல், ஏழு வயதில், அரங்கேறியது காஞ்சியின் ஓர் அம்மன் கோயிலில். பின்னாளில் அவருக்குத் துணை நின்ற நட்டுவனார் எல்லப்பாவும் காஞ்சிக்காரர். க்ஷேத்ரய்யரின் தெலுங்குப் பதங்களில் சில காஞ்சி வரதனையே நாயகனாக வைத்துப் பாடப்பட்டவை; அவற்றை அபிநயித்து உயிரோடு காத்தவர்கள் இந்தப் பெண்கள்தாம்.

இன்னும் பின்னால் போனால் மணிமேகலை இருக்கிறாள். அவள் தாய் மாதவி ஐந்து வயதில் ஆடக் கற்கத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மன்னன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தருகிறான். அடுத்து நடப்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. அவளுடைய மாலை ஒன்று நகரத்தின் நடுத்தெருவில் விலைக்கு வைக்கப்படுகிறது. விலை அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு. மாலையை வாங்குபவன் மாதவிக்கு மணவாளன் ஆகலாம். கோவலன் வாங்குகிறான். கலைக்கு அரசன் மதித்த மதிப்பு, உடனேயே அந்தப் பெண்ணை அடைவதற்கான விலையாக மாறிவிடுகிறது. இடையில் எந்தக் கேள்வியும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மகள் அந்த வழியில் போக மறுக்கிறாள். பூப்பறிக்கப் போன வனத்தில் இளவரசன் உதயகுமரன் துரத்தி வர, பளிக்கறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவனால் பளிங்கின் ஊடே பார்க்க முடிகிறது, உள்ளே போக முடியவில்லை. கடைசியில் அவள் வந்து சேரும் ஊர் காஞ்சி. பசித்தவர்களுக்கு அமுதசுரபியால் சோறிட்டு, அறம் கேட்டு, நோன்பு ஏற்கிறாள். ஆணின் பார்வையிலிருந்து தப்ப அவளுக்குக் காப்பியம் கொடுத்த வழி துறவு ஒன்றுதான். ஆடிக்கொண்டே தன் மானத்தோடு இருக்கும் வழி அவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த மூன்றாவது வழிதான் இந்தக் கட்டுரையின் கவலை.

முதலில் வேறுபாடுகளைச் சொல்லிவிட வேண்டும். அவை சின்ன வேறுபாடுகள் அல்ல. தேவதாசி மரபு குடும்ப வழியாக வந்தது. அதில் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது, எழுத்தறிவு இருந்தது, சொத்து மகள் வழியாகப் போனது. மற்ற குடும்பப் பெண்கள் ஏட்டைத் தொடாத காலத்தில் இவர்கள் மொழிகள் பல கற்றார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் தேவரடியார்கள் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாகவே வருகிறார்கள். மும்பை பாரில் ஆடிய பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கடன், கைவிட்ட கணவன், ஊரில் பசித்த குடும்பம் என்று ரயிலேறி வந்தவர்கள் பலர். பரம்பரையாக ஆடிப் பிழைத்த வட இந்தியச் சாதிகளிலிருந்து, ஜமீன்கள் அழிந்தபின் நகரத்துக்கு வந்தவர்களும் நிறைய. இவர்களுக்கு நிலம் இல்லை, பட்டம் இல்லை, மேடைக்குக் கீழே மரியாதையும் இல்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாரில் ஆடியவள் பெரும்பாலும் வயது வந்தவள். வேண்டாமென்றால் அடுத்த பாருக்குப் போகலாம், வேலையை விடலாம். எளிதல்ல என்றாலும் கதவு என்று ஒன்று இருந்தது. பொட்டுக் கட்டப்பட்ட சிறுமிக்கு அது இல்லை. அவளுக்கு விவரம் தெரியும் முன்பே அவளுடைய வாழ்க்கையைப் பெரியவர்கள் முடித்து வைத்துவிட்டார்கள். நிலமும் நெல்லும் இருந்தது என்பதால் அந்த அநீதி குறைந்துவிடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தபோது அவர் மனதில் இருந்தது இந்தச் சிறுமிதான். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். கலையழியும் என்று சத்தியமூர்த்தி போன்றவர்கள் வாதிட்டபோது, கலைக்காகக் குழந்தைகளைப் பலி கேட்காதீர்கள் என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே வந்து, 1936-இல் நாவல் எழுதி அதன் உள்கணக்குகளை வெளியே போட்டார். இவர்களை இன்று ஒழுக்கப் போலீஸ் என்று சுருக்கிப் பேசும் ஆராய்ச்சிக்காரர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. பொட்டுக்கட்டு நின்றது மகத்தான காரியம். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் உண்மை. எங்கள் பிழைப்பையும் கலையையும் பறிக்காதீர்கள் என்ற அவர்களது வாதத்துக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழந்தையைக் காக்க வந்த சட்டம், வளர்ந்த பெண்ணின் ஆட்டத்தையும் சேர்த்துக் குற்றமாக்கியது.

யாரைத் தொடாமல் விட்டது என்பதையும் பாருங்கள். மாலை போட்டு, வீடு வாங்கிக் கொடுத்து, ஊர்ப் பெரிய மனிதனாக முன்வரிசையில் உட்கார்ந்தவன் ஒருவன் இருந்தானே, அவனைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. மிராசுதாரும் ஜமீன்தாரும் சட்டம் வந்த மறுநாளும் அதே வீட்டில் அதே மரியாதையோடு இருந்தார்கள். ஆடியவளின் மகள்தான் பள்ளிக்கூடத்தில் தன் தாயின் பெயரைச் சொல்லத் தயங்கினாள்.

இனி 2005-இன் மும்பைக்கு வருவோம். துணை முதல்வராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்த ஆர்.ஆர். பாட்டீல் முன்னின்று கொண்டுவந்த போலீஸ் சட்டத் திருத்தத்தால், அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் மகாராஷ்டிரத்தில் பார் நடனம் தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 75,000 பெண்கள் இந்தத் தொழிலில் இருந்ததாக அப்போது சொல்லப்பட்டது. பெண்ணின் கண்ணியத்தைக் காப்பதுதான் அரசு சொன்ன காரணம். பெண்ணைப் பண்டமாக்குகிறார்கள் என்றார்கள். அந்தச் சொல்லில் உண்மை உண்டு. இருண்ட கூடத்தில் குடித்த ஆண்கள் ரூபாய்க் கட்டை ஒவ்வொன்றாக உருவி ஒருத்தியின் மேல் பொழிவதை வேறெப்படிச் சொல்வது? ஆனால் அந்தத் திருத்தமே ஒரு விலக்கையும் வைத்திருந்தது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கும், ஜிம்கானா போன்ற கிளப்புகளுக்கும் தடை இல்லை. அங்கே ஆடலாம்.

பணக்காரன் பார்த்தால் கலை, ஏழை பார்த்தால் ஆபாசமா என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2006-இல் தடையை ரத்து செய்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாநில அரசு 2014-இல் மீண்டும் தடை போட்டுப் பார்த்தது, 2016-இல் நீளமான பெயரோடு புதுச் சட்டமே கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதன் பல நிபந்தனைகளைத் தள்ளியது. கண்காணிப்புக் கேமரா வேண்டியதில்லை, மேடைக்கும் மதுக்கூடத்துக்கும் நடுவே சுவர் வேண்டியதில்லை, ஆடுபவருக்கு டிப்ஸ் தரலாம், ஆனால் நோட்டுகளை அவர் மேல் வீசக் கூடாது என்றது. பதினான்கு ஆண்டு வழக்கில் பார்ப்பவனின் கையைப் பற்றி வந்த தெளிவான ஒரு கட்டளை அந்தக் கடைசி வரிதான். அதற்குள் பெண்கள் சிதறிவிட்டார்கள். அவர்களில் பலரை, எதிலிருந்து காப்பதாக அரசு சொன்னதோ அந்தப் பாலியல் தொழிலை நோக்கியே வேலையிழப்பு தள்ளியது. வழக்கில் வென்றவள், பிழைப்பில் தோற்றாள்.

இந்த நட்சத்திர ஓட்டல் விலக்கைப் படிக்கும்போது எனக்கு 1930-களின் சென்னை நினைவுக்கு வராமல் இல்லை. 1931-இல் மியூசிக் அகாடமி மேடையில் தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள், வக்கீல் இ. கிருஷ்ணய்யர் அந்த மரபின் ஆட்டமான சதிருக்காக வாதாடினார். 1935-இல் ருக்மிணி தேவி அரங்கேறினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இழிவானது என்று ஒதுக்கப்பட்ட அதே அடவு, அதே வர்ணம், சபா மேடையில் படித்த குடும்பத்துப் பெண் ஆடியபோது நாட்டின் பெருமை ஆனது. ருக்மிணி தேவியின் துணிச்சலை நான் மதிக்கிறேன். அவர் ஆடியிருக்காவிட்டால் பல அடவுகள் இன்று இருக்காது. ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்த மரபின் பெண்களுக்கு அந்தப் புது மேடையில் இடம் மிகக் குறைவு. காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள், நாயனாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்து, பிராமணப் பெண்கள் மேடையேறாத காலத்தில் மேடையேறினார். அதுவும் பெரிய தாண்டல்தான். தனகோடி அம்மாள் பெயரையும் அவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல இந்த ஊருக்கு இன்றும் நா எழாததுதான் என் மனக்குறை.

இனி பார்வையைப் பற்றி. லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் திரை ஆய்வாளர் 1975-இல் எழுதிய கட்டுரையில், ஹாலிவுட் படங்களில் பெண் பார்க்கப்படுவதற்காக நிறுத்தப்படுகிறாள், பார்க்கும் உரிமை ஆணிடம் இருக்கிறது என்று விளக்கினார். நம் சினிமாவுக்கு இது அப்படியே பொருந்தும். கிளப் டான்ஸ் காட்சியில் கேமரா எங்கே போகும், எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியும். 1980-இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சிலுக்காக வந்த ஸ்மிதாவின் கண்ணில் இருந்த நடிப்பை அந்தக் கேமரா தேடவே இல்லை. பத்தாண்டுக்கு மேல் தமிழகம் அவரைப் பார்த்துத் தீர்த்தது. 1996-இல் அவர் இறந்தபின்தான் அந்தக் கண்களைப் பற்றி எழுதத் தொடங்கினோம்.

பார் மேடை அந்தக் கேமராவின் பிள்ளை. பாட்டு சினிமாவிலிருந்து வந்தது, அசைவும் அங்கிருந்தே வந்தது. பார் நடனப் பெண்கள் பெரும்பாலும் உடலை மூடும் காக்ரா சோளியில்தான் ஆடினார்கள். அவர்கள் ஆடிய பாட்டில் திரையில் ஆடிய நடிகை அதைவிடக் குறைவாக உடுத்தியிருந்தாள். அந்தப் படத்துக்குத் தணிக்கைச் சான்று உண்டு, இவளுக்கு வழக்கு உண்டு. ஆகவே உடையின் அளவை வைத்து அளப்பது வீண் வேலை.

சதிரில் இதற்கு நேர்மாறான ஒன்று இருந்தது. பதத்தில் பேசுபவள் பெண். அவள்தான் நாயகனைப் பார்க்கிறாள், எடைபோடுகிறாள். இரவெல்லாம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறாள், வந்த வழியே போ என்று கதவைச் சாத்துகிறாள். நாயகன் வரதனாகவே இருந்தாலும் அவளிடம் விளக்கம் சொல்லியாக வேண்டும். முன்வரிசை மிராசுதாரும் அந்தக் கேள்விக்கு முன்தான் உட்கார்ந்திருந்தார். ஆசையைச் சொல்லும் உரிமையும் மறுக்கும் உரிமையும் ஒரே பெண்ணின் முகத்தில் இருந்தன. பாலசரஸ்வதி கடைசி வரை சிருங்காரத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடியதன் பொருள் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆபாசம் என்று சொல்லி அந்தப் பதங்களை மேடையிலிருந்து ஒதுக்கியபோது, ஆடுபவள் திருப்பிப் பார்த்த ஒரே இடத்தையும் ஒதுக்கிவிட்டோம். மிச்சம் இருந்தது அழகான உருவம், அடக்கமான பக்தி.

ஆனாலும் அந்தப் பதம் அவளைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் கதவைச் சாத்திய பெண்ணால் வீட்டில் சாத்த முடிந்ததா? செலவுக்குக் கொடுப்பவனை எத்தனை முறை மறுத்திருக்க முடியும்? மாதவியின் மாலைக்கு விலை வைத்தவர்களுக்கு அவள் ஆட்டத்தின் நுணுக்கம் தெரியாமல் இல்லை. கலையில் உள்ள அதிகாரம் கையில் காசாகவும் சட்டமாகவும் மாறாத வரை, அது ராத்திரி முடியும்போது முடிந்துவிடும். பாரில் ஆடியவளுக்குக் கலையில் அந்தக் குரல் இல்லை; காசை எண்ணித் தன் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் உரிமை கொஞ்சம் இருந்தது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், சதிரின் பதமும் பாரின் கதவும் ஒருத்திக்கே கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

இன்று சென்னையின் நட்சத்திர ஓட்டல் நைட் கிளப்புகளில் பெண்கள் தங்களுக்காகவே ஆடப் போகிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் ‘லேடீஸ் நைட்’ என்று பெண்களுக்கு மட்டும் நுழைவு இலவசமாக்கும் வழக்கத்தின் கணக்கைப் பாருங்கள். அவள் வந்தால் அவளைப் பார்க்கக் கட்டணம் கட்டி ஆண்கள் வருவார்கள். டிக்கெட் எடுக்காதவள் அங்கே வாடிக்கையாளர் அல்ல.

எங்கள் பக்கத்துக்கு வந்தால், நைட் கிளப்பும் இல்லை, டான்ஸ் பாரும் இல்லை. ஆடல் பாடல் நிகழ்ச்சி உண்டு. ஆடி மாதக் கூழ்வார்ப்பு, மாசித் திருவிழா என்று கிராமக் கோயில் வாசலில் இரவு மேடை போடுகிறார்கள். கோயிலில் பெண் ஆடக் கூடாது என்று சட்டம் எழுதிய மாநிலத்தில், ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, அதே திருவிழாவில் குத்துப்பாட்டுக்குப் பெண் ஆடுகிறாள். போலீஸ் அனுமதி மறுப்பதும், விழாக் குழு உயர் நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்குவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. நிபந்தனைகள் நமக்கு மனப்பாடம்: ஆபாச உடை கூடாது, ஆபாச அசைவு கூடாது, சாதிப் பாட்டு கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் இரண்டும் ஆடுபவளுக்கு. மேடையேறிக் கையைப் பிடிப்பவனுக்கு, சட்டையில் நோட்டைக் குத்த வருபவனுக்கு, இடுப்புக்குக் கீழே செல்போனை நீட்டிப் படமெடுப்பவனுக்கு அந்தத் தாளில் தனி வரி அரிது.

அவனுக்கான சட்டம் இல்லாமல் இல்லை. 1998 முதல் தமிழ்நாட்டில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான தனிச் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75-ஆம் பிரிவுகள் இருக்கின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. அதன்படி, அமைப்புசாராத் தொழிலாளியும் புகார் செய்ய மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். மேடை அவளுக்குப் பணியிடம். கரகம் ஆடுபவளும், ரெக்கார்ட் டான்ஸ் ஆடுபவளும் அந்தக் குழுவின் முன் நிற்கலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

காஞ்சிபுரம் சுற்றுவட்டார விழாக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த திருவிழாவுக்கு மனு எழுதும்போது, ஆடுபவளின் உடையைப் பற்றி எழுதும் முன் கூட்டத்தைப் பற்றி எழுதுங்கள். பேசிய பணத்தை மேடையேறும் முன்பே அவள் கையில் கொடுங்கள். உடை மாற்றக் கதவுள்ள அறை ஒன்று கொடுங்கள். பள்ளிக்கூட மதில் மறைவு போதாது. பதினெட்டு வயது ஆகாத பெண்ணை மேடையேற்றாதீர்கள். நோட்டுக் குத்துவதை ஒலிபெருக்கியில் தடை சொல்லுங்கள். மேடையேறுபவன் ஊர்த் தலைவரின் மகனாகவே இருந்தாலும் போலீஸிடம் ஒப்படையுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் வீடு சேர வண்டி ஏற்பாடு செய்யுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். வரவு செலவு நோட்டில் ஒரு பக்கமும், ஊர்க் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் போதும்.